பாம்பு சுருங்கிப் புள்ளியாகிவிடுகிறது: இதய எம்.ஆர்.ஐ படத்தில் இடது கீழறையைப் பிரிப்பது எப்படி?

#1 தொடுகோடு

வணக்கம். இதயத்தின் குறுக்குவெட்டு எம்.ஆர்.ஐ படங்களிலிருந்து இடது கீழறையின் உட்பகுதியைத் தானாகப் பிரித்தெடுக்க முயல்கிறேன். முதுநிலைப் படிப்புக்கான செயல்திட்டம். 30 பேருடைய படங்கள் கையில் இருக்கின்றன. அதில் 12 பேருக்கு மட்டும் மருத்துவர் கையால் வரைந்த எல்லைக்கோடு உண்டு.

வழிகாட்டி சொன்னபடி, சைகிட்-இமேஜ் என்ற பைத்தான் பட நூலகத்தில் உள்ள ஆக்டிவ் கான்டூரைப் (‘பாம்பு’ என்றும் சொல்கிறார்கள்) பயன்படுத்துகிறேன். அறையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டால் அது உள்ளே நகர்ந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும் என்று படித்தேன். நடப்பது வேறு. வட்டம் நிதானமாகச் சுருங்கி, சுவரைக் கண்டுகொள்ளாமல் தாண்டி, அறையின் நடுவே ஒரு புள்ளியாகிவிடுகிறது. ஆல்ஃபாவை 0.01 இலிருந்து 0.001 ஆக்கினேன், மெதுவாகச் சுருங்கியது. பீட்டாவை ஏற்றினேன், அழகான வட்டமாகச் சுருங்கியது. விளிம்பு எடையை 1 இலிருந்து 10 ஆக்கினேன், சுவருக்குப் பக்கத்தில் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சுருங்கியது. மூன்று நாளாக எண்களைத் திருகிக்கொண்டிருக்கிறேன். சரியான மதிப்புகள் என்ன என்று யாராவது சொல்ல முடியுமா?

#2 சமன்பாட்டுப்பித்தன்

சுருங்குவது பிழை இல்லை. அது பாம்பின் பிறவிக்குணம்.

1987 இல் காஸ், விட்கின், டெர்சோபௌலஸ் மூவரும் இந்த முறையை முன்வைத்தபோது கோட்டுக்கு இரண்டு வகை ஆற்றலைக் கொடுத்தார்கள். ஒன்று உள்ளாற்றல்: கோடு நீளக் கூடாது (ஆல்ஃபா), மடங்கக் கூடாது (பீட்டா). இன்னொன்று வெளியாற்றல்: படத்தில் பிரகாசம் சட்டென்று மாறும் இடங்களில் குறைவாக இருக்கும்படி அமைத்தது. மொத்த ஆற்றல் எங்கே மிகக் குறைவோ அங்கே கோடு போய் நிற்கும். நெளிந்து நெளிந்து போவதால் பாம்பு என்று பெயர் வைத்தார்கள்.

இப்போது படமே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வெறும் உள்ளாற்றல் மட்டும் இருந்தால் மூடிய கோட்டுக்கு எது மிகக் குறைந்த ஆற்றல்? புள்ளிதான். ஆல்ஃபா விஷயம் எல்லோருக்கும் தெரியும், இழுத்துவிட்ட ரப்பர் வளையம் போல. ஆனால் பீட்டா மடிப்பைத்தானே தடுக்கிறது, அது ஏன் சுருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் சுருக்கும். கோட்டைப் புள்ளிவரிசையாக எழுதி இரண்டாம் வகைக்கெழுவின் வர்க்கத்தைக் கூட்டினால், வட்டத்துக்கு அது ஆரத்தின் வர்க்கத்தோடு சேர்ந்து ஏறுகிறது. ஆரம் பூஜ்யமானால் ஆற்றலும் பூஜ்யம். அதனால்தான் பீட்டாவை ஏற்றியதும் உங்களுக்கு ‘அழகான’ வட்டமாகச் சுருங்கியது.

கணித ஆர்வம் இருந்தால் ஒரு துணுக்கு: தன்னைத்தானே வெட்டாத எந்த மூடிய தளக்கோட்டையும் அதன் வளைவுக்கு ஏற்ற வேகத்தில் நகரவிட்டால், அது எவ்வளவு கோணலாக இருந்தாலும் முதலில் குவிந்த வடிவமாகி, பிறகு வட்டமாகி, புள்ளியாகி மறையும். கிரேசன் அதே 1987 இல் நிறுவியது.

தீர்வு என்றால், 1991 இல் கோஹன் சொன்ன பலூன் விசை. கோட்டின் ஒவ்வொரு புள்ளியிலும் வெளிப்பக்கம் தள்ளும் ஒரு விசையைச் சேர்த்துவிட்டு, வட்டத்தை அறைக்கு உள்ளே சின்னதாகப் போட்டு ஊதவிடுங்கள்.

#3 பிக்சல்பொறுக்கி

கோட்பாடு இருக்கட்டும். படத்தின் தரவு வகை என்ன? மிகக் குறைந்த மதிப்பு, மிக அதிக மதிப்பு இரண்டையும் அச்சிட்டு இங்கே போடுங்கள்.

#4 தொடுகோடு

குறியில்லாத 16 பிட் முழு எண். 0 முதல் 912 வரை இருக்கிறது.

#5 பிக்சல்பொறுக்கி

அதுதான்.

16 பிட் முழு எண்ணாகக் கொடுத்தால் அந்த நூலகம் உள்ளே 65535 ஆல் வகுத்துத் தசமமாக்கும். உங்கள் படத்தின் மிகப் பிரகாசமான பிக்சல் கிட்டத்தட்ட 0.014 ஆகிவிட்டது. கண்ணால் பார்க்கும்போது தெரியாது, வரைபட நூலகம் தானே பிரகாசத்தை நீட்டிக் காட்டிவிடும். பாம்புக்கு மட்டும் அது கும்மிருட்டு. சுவரைக் கண்டுகொள்ளாமல் தாண்டுகிறது என்றீர்களே, உண்மையில் அதற்குச் சுவர் இருப்பதே தெரியவில்லை. விளிம்பு எடையை 10 ஆக்கியபோது லேசாகத் தட்டுப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

உள் விசை கோட்டின் வடிவத்திலிருந்து வருகிறது, பிக்சல் தூரத்தில் அளக்கப்படுகிறது. பட விசை பிரகாசத்திலிருந்து வருகிறது. இரண்டையும் ஒரே தராசில் போடுகிறோம். அதனால் ‘சரியான ஆல்ஃபா’ என்று தனியாக ஒன்று கிடையாது. படத்தை முதலில் 0 முதல் 1 வரை நீங்களே அளவுபடுத்துங்கள். 1 சதவீதம், 99 சதவீத மதிப்புகளை எல்லையாக வைத்து வெட்டினால் ஒன்றிரண்டு பளிச்சென்ற பிக்சல்கள் மொத்தத்தையும் அமுக்காது.

இன்னொன்றையும் பாருங்கள். வட்டத்தில் எத்தனை புள்ளிகள் வைத்திருக்கிறீர்கள்? அந்தச் செயற்கூறு புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. ஒரே வட்டத்தை 100 புள்ளிக்குப் பதிலாக 400 புள்ளியால் வரைந்தால், ஒரு புள்ளிக்கு வரும் இழுவிசை 16 மடங்கும் மடிப்பு விசை 256 மடங்கும் குறையும். ஆல்ஃபா, பீட்டா அதேதான், பாம்பு வேறு பாம்பு. இணையத்தில் கிடைக்கும் எண்களை அப்படியே எடுத்து ஒட்டினால் வேலை செய்யாததற்குப் பாதிக் காரணம் இதுதான்.

வரிசை-நிரல் ஒழுங்கையும் சரிபாருங்கள். பழைய பதிப்புகளில் கிடைமட்டம் முதலில், இப்போது வரிசை முதலில். சதுரப் படத்தின் நடுவில் வட்டம் போட்டால் இந்தத் தவறு கண்ணில் படவே படாது. நான் இதில் ஒரு வாரம் தொலைத்திருக்கிறேன்.

#6 சமன்பாட்டுப்பித்தன்

நான் நோயின் இலக்கணம் சொல்லிக்கொண்டிருந்தேன், நீங்கள் நாடியைப் பிடித்துவிட்டீர்கள். ஆனாலும் சொன்னது தவறில்லை என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன். பட விசை சரியாக இருந்தாலும் கோடு எப்போதும் உண்மையான விளிம்புக்குக் கொஞ்சம் உட்புறமாகத்தான் நிற்கும்.

#7 தொடுகோடு

அளவுபடுத்தியதும் முதல் ஓட்டத்திலேயே சுவரில் நின்றது! பிக்சல்பொறுக்கிக்குப் பெரிய நன்றி. மூன்று நாள்.

இப்போது அடுத்த தலைவலி. நடுப்பகுதிச் சீவல்களில் (ஒவ்வொரு குறுக்குவெட்டுப் படமும் ஒரு சீவல்) அறைக்குள் சுவரை ஒட்டி இரண்டு கருப்புத் திட்டுகள் இருக்கின்றன. பாம்பு சில படங்களில் அவற்றுக்கு உட்பக்கமாக நிற்கிறது, சிலவற்றில் வெளிப்பக்கம், சிலவற்றில் பாதியாகத் திட்டின் மேலேயே படுத்துவிடுகிறது. தொடக்க வட்டத்தை நாலு பிக்சல் நகர்த்தினால் முடிவு மாறிவிடுகிறது. தூரத்தில் வட்டம் போட்டால் சுவரை நோக்கி நகர்வதே இல்லை, அல்லது வலது கீழறையின் சுவரில் போய் ஒட்டுகிறது.

#8 சமன்பாட்டுப்பித்தன்

தூரத்திலிருந்து நகராததற்குக் காரணம், விளிம்பின் ஈர்ப்பு விளிம்புக்கு ரொம்பப் பக்கத்தில் மட்டும்தான் இருக்கிறது. சமதளத்தில் வைத்த பந்து எந்தப் பக்கம் உருளும்? விளிம்பு தேடும் முன் படத்தை மென்மையாக்கும் காசியன் மங்கலைப் பெரிதாக்கினால் ஈர்ப்பு விரியும், ஆனால் விளிம்பும் நகர்ந்துவிடும்.

இதற்குத்தான் ஷூவும் பிரின்ஸும் 1997 இல் சரிவு திசையன் பாய்வைக் கொண்டுவந்தார்கள். விளிம்பருகே உள்ள விசைத் திசையன்களை அப்படியே வைத்துக்கொண்டு, சமதளப் பகுதிகளுக்கு அவற்றை வெப்பம் பரவுவது போலப் பரவவிடுவது. தூரத்தில் இருக்கும் பாம்புக்கும் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரியும். இன்னொரு லாபம், குழிவான இடங்களுக்குள்ளும் கோடு இறங்கும். அவர்கள் காட்டிய குதிரை லாடம் போன்ற வடிவத்தில் பழைய பாம்பு வாயில் பாலம் போட்டு நின்றுவிடும். இந்த முறையில் அடிவரை போகும். உங்கள் இரண்டு பிரச்சினையும் ஒரே அடியில் தீரும்.

#9 நிழலளவி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் நிரல் எழுதுபவன் இல்லை, இந்தப் படங்களில் எல்லை வரைவது என் அன்றாட வேலை.

அந்தக் கருப்புத் திட்டுகள் பாப்பிலரி தசைகள். வால்வைக் கயிறுபோலப் பிடித்திருக்கும் நாண்கள் அவற்றிலிருந்துதான் கிளம்புகின்றன. படத்தில் ரத்தம் வெளுப்பு, தசை கருப்பு. எனவே திட்டைச் சுற்றி உண்மையான, கூர்மையான விளிம்பு இருக்கிறது. ஆனால் கையால் வரையும்போது பல இடங்களில் அந்தத் திட்டுகளையும் அறையின் உள்ளேயே சேர்த்துவிடுவோம். கோடு அவற்றின் முதுகுக்குப் பின்னால், அடர்ந்த சுவர் தொடங்கும் இடத்தில் போகும். திட்டு சுவரோடு ஒட்டியிருந்தால் அங்கே விளிம்பே இருக்காது, இரண்டும் ஒரே கருப்பு. நாங்கள் இரண்டு பக்கச் சுவரையும் பார்த்துக் கற்பனையாக வளைத்துக்கொண்டு போவோம். சில இடங்களில் தசையை வெளியே விட்டும் வரைகிறார்கள். இரண்டுமே ஏற்கப்பட்ட வழக்கம்தான், எது என்று சொல்லிவிட்டு எல்லாப் படத்திலும் அதையே செய்ய வேண்டும்.

ஆக, தம்பி முதலில் பார்க்க வேண்டியது, அந்த 12 பேருக்கு வரைந்தவர் எந்த வழக்கப்படி வரைந்தார் என்பது. அது தெரியாமல் பாம்பு சரியா தப்பா என்று எப்படிச் சொல்வது?

#10 தொடுகோடு

பார்த்தேன் ஐயா. 12 பேருக்கும் பாப்பிலரி தசைகள் உள்ளே சேர்க்கப்பட்டிருக்கின்றன. அப்படியானால் பாம்பு ஒட்டிக்கொண்ட விளிம்பு உண்மையானது, ஆனால் எனக்கு வேண்டாதது.

#11 பிக்சல்பொறுக்கி

அதனால் சமன்பாட்டுப்பித்தனின் மருந்து இங்கே நேரெதிர் வேலை செய்யும். குழிக்குள் இறங்குவது அந்தப் பாய்வின் பெருமை. அறைக்குள் வட்டம் போட்டு வெளியே விரியவிட்டால், இரண்டு தசைகளுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள இடுக்குகளில் எல்லாம் சமர்த்தாகப் புகுந்து வரும். நமக்கோ பாலம் போடும் பழைய பாம்புதான் வேண்டும். 1987 முறையின் ‘குறை’ என்று எல்லாப் பாடத்திலும் சொல்வார்களே, இந்த வேலைக்கு அதுவே தகுதி.

பீட்டாவைத் துணிந்து ஏற்றுங்கள். மங்கல் முதலில் பெரிதாக, கோடு ஓரளவு நின்றதும் சிறிதாக.

#12 சமன்பாட்டுப்பித்தன்

குழி விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன், மருத்துவ வழக்கம் எனக்குத் தெரியாது. ஆனால் தூர ஈர்ப்பு இன்னும் தேவைதானே? பாய்வைப் பயன்படுத்திவிட்டுப் பீட்டாவையும் ஏற்றினால் இரண்டும் கிடைக்கும். விசைப் புலத்தையும் கோட்டின் விறைப்பையும் ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டாம்.

#13 பிக்சல்பொறுக்கி

அது நியாயம்.

#14 மட்டக்கோடு

புள்ளிகளைக் கட்டி இழுத்துக்கொண்டு இன்னும் எத்தனை நாள்? ஓஷரும் செத்தியனும் 1988 இலேயே லெவல் செட் என்று வழி காட்டிவிட்டார்கள். கோட்டை நேரடியாக நகர்த்தாமல், படம் முழுவதும் ஒரு பரப்பை விரித்து, அதன் பூஜ்ய மட்டத்தைக் கோடாக எடுத்துக்கொள்வது. குளத்தில் நீர்மட்டம் ஏறி இறங்கும்போது கரைக்கோடு தானே மாறுவதுபோல. இரண்டு குட்டைகள் சேரும், ஒன்று இரண்டாகும், எதற்கும் தனியாக நிரல் எழுத வேண்டாம். புள்ளிகளை மறுபடி சீராக அடுக்கும் தொல்லையும் இல்லை.

அப்புறம், விளிம்பையே நம்ப வேண்டியதில்லை. சான், வேஸே இருவரும் 2001 இல் கொடுத்த மாதிரி கோட்டுக்கு உள்ளே சராசரிப் பிரகாசம் ஒன்று, வெளியே ஒன்று என்று எடுத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் அந்தச் சராசரியிலிருந்து விலகல் குறையும் இடத்தில் கோட்டை நிறுத்தும். மம்ஃபோர்டும் ஷாவும் 1989 இல் எழுதிய பெரிய சிக்கலின் எளிய வடிவம் அது. இரைச்சலுக்கு அஞ்சாது, தொடக்கக் கோடு எங்கே இருந்தாலும் பெரும்பாலும் கவலை இல்லை. ரத்தம் வெளுப்பு, தசை கருப்பு என்கிறார் நிழலளவி. இதைவிட வசதியான படம் கிடைக்குமா?

#15 தொடுகோடு

நேற்று இரவு அதையும் போட்டுப் பார்த்தேன். வெளுத்தது எல்லாம் பால் என்று எடுத்துக்கொண்டது. இடது கீழறை, வலது கீழறை, மார்புச் சுவரின் கொழுப்பு எல்லாம் ‘உள்ளே’. பாப்பிலரி தசைகள் அறைக்குள் இரண்டு ஓட்டைகளாக நிற்கின்றன. படத்தை இதயத்தைச் சுற்றி மட்டும் வெட்டிக் கொடுத்தாலும் வலது கீழறை வந்துவிடுகிறது.

#16 மட்டக்கோடு

ஓட்டையை நிரப்புவது ஒரு வரி நிரல். வலது கீழறையை ஒட்டுப்பகுதிகளைப் பிரித்து நீக்கலாம்.

#17 பிக்சல்பொறுக்கி

திட்டு சுவரோடு ஒட்டியிருக்கும்போது அது ஓட்டை இல்லை, கரையில் விழுந்த கடி. ஓட்டை நிரப்பும் வரி அங்கே ஒன்றும் செய்யாது. நிழலளவி சொன்னாரே, விளிம்பே இல்லாத இடம் என்று. அங்கே பிரகாசத்தின் சராசரிக்கும் சொல்வதற்கு எதுவும் இல்லை.

லெவல் செட்டைக் குறை சொல்லவில்லை. நுண்ணோக்கிப் படத்தில் எத்தனை செல் என்று முன்கூட்டித் தெரியாதபோது, பிரிந்து சேரும் கோடு ஒரு வரம். இங்கே அறை ஒன்றே ஒன்று, அது ஒரே துண்டு என்பது எனக்குப் படத்தைத் திறக்கும் முன்பே தெரியும். அந்த அறிவை வைத்துக்கொண்டு, எத்தனை துண்டாகவும் போகலாம் என்று ஏன் அவிழ்த்துவிட வேண்டும்?

கூடவே, எம்.ஆர்.ஐ இல் சிக்னலை வாங்கும் ஏற்புச் சுருளுக்குப் பக்கத்திலுள்ள பகுதி பிரகாசமாகவும் தள்ளியிருப்பது மங்கலாகவும் வரும். ஒரே ரத்தம் இரண்டு வெளுப்பில் இருக்கும். மொத்தப் படத்துக்கும் ஒரே சராசரி என்பது அப்போதே ஆட்டம் கண்டுவிடும்.

#18 மட்டக்கோடு

அதற்கு 2008 இல் லீ குழுவினர் தீர்வு சொல்லிவிட்டார்கள். சராசரியை மொத்தப் படத்துக்கு எடுக்காமல் ஒவ்வொரு பிக்சலின் சுற்றுவட்டாரத்தில் மட்டும் எடுப்பது. ஆனால் உண்மையைச் சொன்னால், சுற்றுவட்டாரத்தைச் சிறிதாக்கினால் தொடக்கக் கோட்டைப் பற்றிய கவலை திரும்பி வந்துவிடும். ஒன்றை விட்டால்தான் ஒன்று கிடைக்கிறது.

கடி விழுந்த கரை விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி.

#19 ஆழ்வலை

மன்னிக்கவும், இந்த இழை எந்த ஆண்டில் நடக்கிறது? படங்களைப் பிரிக்கும் ஆழ்கற்றல் வலையமைப்பான யு-நெட் 2015 இல் வந்துவிட்டது. 2017 இன் ஏ.சி.டி.சி போட்டியில் 100 பேருடைய இதயப் படங்கள், எல்லை வரைந்தே, பயிற்சிக்குக் கொடுக்கப்பட்டன. அதை வைத்துப் பழக்கிவிட்டு, தன் 12 பேரைக் கொண்டு கொஞ்சம் மெருகேற்றினால் முடிந்தது. ஆல்ஃபா, பீட்டா, மங்கல் எதையும் திருக வேண்டாம். பாப்பிலரி வழக்கத்தை அது வரைந்த எல்லைகளைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும்.

#20 சமன்பாட்டுப்பித்தன்

திருக வேண்டாம் என்பது கொஞ்சம் அதிகம். கற்றல் வீதம், தொகுதி அளவு, படத்தைத் திருப்பி நெளித்துப் பெருக்கும் அளவு இவற்றையெல்லாம் யார் திருகுகிறார்கள்?

#21 ஆழ்வலை

சரி, அது உண்மைதான். ஆனால் 12 பேர் போதாது என்று சொல்லிவிடாதீர்கள். யு-நெட்டின் மூலக் கட்டுரையிலேயே ஒரு சோதனை வெறும் 30 படங்களில், ஒவ்வொன்றும் 512க்கு 512, அவற்றை நெளித்து நெளித்துப் பெருக்கிப் பழக்கியதுதான்.

#22 பிக்சல்பொறுக்கி

ஆழ்வலை சொல்வதில் பெரும்பகுதி சரி. விளைவு மட்டும்தான் வேண்டும் என்றால் இன்று நானும் வலையமைப்பைத்தான் எடுப்பேன். பாப்பிலரி தசைக்குப் பின்னால் விளிம்பே இல்லாத இடத்தில் கோடு எப்படிப் போக வேண்டும் என்பதை வரைந்தவர்களிடமிருந்து கற்பது, பீட்டா என்ற ஒற்றை எண்ணால் சொல்வதைவிட வளமானது.

அது தடுமாறும் இடமும் இருக்கிறது. பிக்சல் பிக்சலாக முடிவு சொல்வதால், பழகாத கருவியிலிருந்து வரும் படத்தில் கல்லீரல் பக்கம் தனியாக ஒரு தீவு, சுவரில் ஒரு வெட்டு என்று வரும். ஒரே துண்டான, வழுவழுப்பான கோடு என்ற உத்தரவாதம் அதற்குள் இல்லை. பாம்பிடம் அது பிறப்பிலேயே இருக்கிறது. இரண்டையும் சேர்த்தவர்கள் பலர். வலையமைப்பு கொடுக்கும் நிகழ்தகவுப் படத்தையே வெளியாற்றலாக வைத்துப் பாம்பை ஓட்டலாம். கோட்டுப் புள்ளிகள் எவ்வளவு நகர வேண்டும் என்பதையே வலையமைப்பு கணிக்கும் முறைகளும் வந்துவிட்டன. 2020 இல் வந்த ‘டீப் ஸ்நேக்’ அந்த வகை, மூடிய கோடு என்பதால் புள்ளிவரிசையை வளையமாகவே எடுத்துச் சுருளாக்கம் செய்கிறது.

தொடுகோடு, உங்கள் வழிகாட்டி கேட்டது ஆக்டிவ் கான்டூர். அதை முதலில் முடியுங்கள். ஒப்பிட வலையமைப்பு அப்புறம்.

#23 நிழலளவி

ஒரு சின்ன யோசனை, சிரிக்கக் கூடாது. நான் அவசரத்தில் வரையும்போது வெளுத்த பகுதியின் மேல் ஒரு ரப்பர் பேண்டை மாட்டியதுபோலத்தான் வரைவேன். கடியெல்லாம் தாண்டி அது தானே போகும்.

#24 பிக்சல்பொறுக்கி

சிரிக்கவில்லை, எங்களைப் பார்த்துத்தான் சிரிக்க வேண்டும். அது குவி உறை. ரத்தப் பகுதியை ஒரு வாசல் மதிப்பால் பிரித்து, இடது கீழறைத் துண்டை மட்டும் எடுத்து, அதன் குவி உறையை வரைந்தால் தொடக்கக் கோடு கிடைத்துவிட்டது. தசைத் திட்டுக்கு வெளியே, சுவருக்குப் பக்கத்தில், வட்டத்தைவிட நல்ல வடிவத்தில். இருபத்துச் சொச்சம் பதிவாக நாம் விசையைப் பற்றிச் சண்டை போட்டோம், தொடக்கத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

எந்தத் துண்டு இடது கீழறை என்பதற்கு ஒரு வழி: இதயச் சுழற்சி முழுக்கப் படங்கள் இருக்குமே, ஒவ்வொரு பிக்சலும் காலத்தில் எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள். துடிக்கும் பகுதி தனியாக ஒளிரும். அதற்குள் வட்டத்துக்கு மிக நெருக்கமான வெளுத்த துண்டு இடது. வலது கீழறை பிறை வடிவில் இருக்கும்.

#25 தொடுகோடு

ஒரு வாரம் கழித்து வருகிறேன். இப்போது செய்வது: நடுச் சீவலில் தொடங்குகிறேன், துடிப்பை வைத்து இடம் கண்டு, குவி உறை, பிறகு விறைப்பான பாம்பு, இரண்டு கட்ட மங்கல். அதன் முடிவை அடுத்த சீவலுக்குத் தொடக்கமாகக் கொடுத்து மேலும் கீழும் போகிறேன். நடுப்பகுதியில் மருத்துவர் கோட்டோடு நன்றாகவே பொருந்துகிறது.

ஆனால் இதயத்தின் நுனிப் பக்கம் டைஸ் மதிப்பு (என் பரப்பும் மருத்துவர் வரைந்த பரப்பும் எவ்வளவு ஒன்றின்மேல் ஒன்று பொருந்துகின்றன என்பது, முழுப் பொருத்தம் என்றால் 1) படுமோசமாக விழுகிறது. கண்ணால் பார்த்தால் கோடு அவ்வளவு தவறாகத் தெரியவில்லை. இது ஏன்?

#26 பிக்சல்பொறுக்கி

கணக்குப் போட்டுப் பாருங்கள். உண்மையான ஆரம் 20 பிக்சல், உங்கள் கோடு ஒரு பிக்சல் உள்ளே, 19. டைஸ் கிட்டத்தட்ட 0.95 வரும். நுனியில் ஆரம் 4, உங்களுடையது 3. அதே ஒரு பிக்சல் பிழைதான், டைஸ் 0.72. எனவே டைஸோடு கோட்டுத் தூரத்தையும் மில்லிமீட்டரில் கொடுங்கள். மிக அதிக விலகலைச் சொல்லும் ஹவுஸ்டார்ஃப் தூரமும் சேர்ந்தால், பாம்பு எங்காவது ஓடிவிட்டதா என்பது தெரியும்.

#27 நிழலளவி

அந்த ஒரு பிக்சலை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள் தம்பி. எப்போதும் ஒரே பக்கம் தவறினால் அது எங்கள் எண்ணைக் கெடுக்கும். விரிந்த நிலையில் ஆரம் 20, சுருங்கிய நிலையில் 12 என்று வைத்துக்கொள்வோம். பரப்பை மட்டும் வைத்துப் பார்த்தால் வெளியேற்ற விகிதம் (ஒரு துடிப்பில் அறையிலிருந்து வெளியேறும் ரத்தத்தின் பங்கு) 64 சதவீதம். இரண்டிலும் ஒரு பிக்சல் உள்ளே போனால் 66.5 ஆகிவிடும். இதயம் உள்ளதைவிட நன்றாக இயங்குவதாகத் தெரியும், அது ஆபத்தான பக்கம்.

#28 சமன்பாட்டுப்பித்தன்

ஆறாவது பதிவில் நான் சொன்னது இதுதான்! உள்ளாற்றல் இழுக்கும் வரை கோடு விளிம்புக்கு உட்புறம்தான் நிற்கும். ஆரம் சிறியதாக இருக்கும் இடத்தில் கோடு இன்னும் கூர்மையாக வளைய வேண்டியிருக்கிறது, ஆனால் நீங்கள் விறைப்பை மாற்றவில்லை.

இரண்டு வழி. ஒன்று, கோடு நின்றபின் ஆல்ஃபாவைப் பூஜ்யமாக்கி, சிறிய மங்கலில் இன்னும் சில சுற்று ஓட்டுங்கள். இன்னொன்று, உள் விசையை வட்டத்துக்குப் பூஜ்யமாக வரும்படி மாற்றி எழுதுவது: ஒவ்வொரு சுற்றிலும் கோட்டுக்குப் பொருந்தும் வட்டத்தைக் கண்டு, அதிலிருந்து விலகுவதை மட்டும் தண்டிப்பது. அப்போது இயல்பு வடிவம் புள்ளியாக இல்லாமல் வட்டமாகிவிடும்.

#29 தொடுகோடு

இரண்டாவது வழியை எழுதிப் பார்த்தேன். நூலகத்தை விட்டுவிட்டு உள் விசைக்கான அணியை (மேட்ரிக்ஸ்) நானே கட்ட வேண்டியிருந்தது, 40 வரிக்குள் முடிந்தது. உட்புறச் சாய்வு கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் குறைந்துவிட்டது. நுனியிலும் கோடு நிற்கிறது.

மிச்சம் இருப்பது அடிப்பக்கச் சீவல். வால்வுக்கு அருகில் சுவர் முழு வளையமாக இல்லை, மகாதமனிப் பக்கம் திறந்திருக்கிறது. பாம்பு அந்தத் திறப்பு வழியாக வெளியே போய்விடுகிறது.

#30 நிழலளவி

அங்கே நாங்களே ஒருவருக்கொருவர் ஒத்துப்போவதில்லை. சுவர் பாதி வளையத்துக்கு மேல் தெரிந்தால் அந்தச் சீவலைச் சேர்ப்போம், திறப்பில் நேர்கோடு போட்டு மூடிவிடுவோம். குறைவாகத் தெரிந்தால் விட்டுவிடுவோம். ஒரு சீவல் பெரும்பாலும் 8 மில்லிமீட்டர் தடிமன், அதைச் சேர்ப்பதா விடுவதா என்பதிலேயே கொள்ளளவு கணிசமாக மாறும். அந்த முடிவைப் பாம்பிடம் விடாதீர்கள்.

#31 பிக்சல்பொறுக்கி

பாம்பு மூடியே இருக்க வேண்டும் என்று விதி இல்லை. நூலகத்திலேயே முனைகளைக் கட்டிப்போடவும் அவிழ்த்துவிடவும் வசதி உண்டு, நீங்கள் இப்போது அணியை நீங்களே கட்டுவதால் இன்னும் எளிது. சுவர் முடியும் இரண்டு இடங்களையும் பயனர் சொடுக்கட்டும், அவற்றுக்கு இடையே திறந்த பாம்பை ஓட்டி, கடைசியில் நேர்கோடு போட்டு மூடுங்கள். ஒரு ஆளுக்கு இரண்டு சொடுக்கு. தலைப்பில் ‘தானியங்கி’ என்று இருந்தால் அதை மட்டும் ‘அரைத் தானியங்கி’ என்று மாற்ற வேண்டியிருக்கும்.

#32 தொடுகோடு

தலைப்பை ஏற்கெனவே பதிவு செய்துவிட்டேன். வழிகாட்டியிடம் நாளை கேட்டுவிட்டு வருகிறேன்.